அட்லாண்டிக்கின் அடியில் ஒரு கேபிள்: திட்டமிடுவதும் இடுவதும்

நாடுகளுக்கிடையே இணையத் தரவைச் சுமக்கும் ஒரு கடலடி கேபிள் 25 ஆண்டுகள் நிலைத்து உழைக்குமா, அடிக்கடி அறுந்து பழுதுபார்க்கும் கப்பலுக்காகக் காத்துக் கிடக்குமா என்பது, அதைச் சுமந்த கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. உலகெங்கும் ஆண்டுதோறும் 150 முதல் 200 வரையான கேபிள் பழுதுகள் நேர்கின்றன. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மீன்பிடிக் கருவிகளும் கப்பல் நங்கூரங்களுமே காரணம். அவையும் பெரும்பாலும் 200 மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலேயே நேர்கின்றன. ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கேபிளை எந்த வலையும் நங்கூரமும் எட்டுவதில்லை. ஆகவே திட்டமிடுபவரின் நேரமும் பணமும் கவனமும் நடுக்கடலைவிட இரு கரைகளை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதிக்கே முதலில் செல்ல வேண்டும் என்பதை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

பேச்சு அந்தரத்தில் நில்லாமல் இருக்க, உண்மையான கேபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சையும் ஸ்பெயினில் பில்பாவோ நகருக்கு அருகிலுள்ள சோப்பெலானாவையும் இணைக்கும் மரேயா கேபிள் ஏறத்தாழ 6,600 கிலோமீட்டர் நீளமுடையது. மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், டெல்க்ஸியஸ் ஆகிய நிறுவனங்கள் 2016இல் அறிவித்த இத்திட்டத்தில், 2017 செப்டம்பருக்குள் கேபிள் இட்டு முடிக்கப்பட்டு, 2018இல் பயன்பாட்டுக்கு வந்தது. எட்டு இணை கண்ணாடி இழைகளைக் கொண்ட இது, நொடிக்கு 160 டெராபிட் கொள்ளளவுக்காக வடிவமைக்கப்பட்டது.

எங்கிருந்து எங்கே

முதலில் தீர்க்க வேண்டியது யாருடைய தரவுப் போக்குவரத்தை இந்தக் கேபிள் சுமக்கப்போகிறது, அதற்கு யார் பணம் போடுகிறார்கள் என்பதாகும். சென்னையைச் சிங்கப்பூரோடும் பிரான்சின் மார்செய்யோடும் இணைக்கும் சீ-மீ-வீ 4 போன்றவற்றில் பல நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கூட்டாகப் பங்கு போட்டன. மரேயாவில் தரவு மையங்களை நடத்தும் நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தேவைக்காகவே முதலிட்டன. வணிகக் கணக்குக்குக் கட்டுப்படியாகாத இடங்களில் அரசே முன்வர வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் நிக்கோபார் கேபிள் அப்படி அரசுப் பணத்தில் உருவானது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே கரையேறும் இடங்களின் எண்ணிக்கையும், இழைகளின் எண்ணிக்கையும், கால அட்டவணையும் அமையும்.

அடுத்து, கரையேறும் இடம். வட அட்லாண்டிக் கேபிள்களில் பல நீண்ட காலமாக நியூயார்க், நியூஜெர்சி கரைகளிலேயே ஏறிவந்தன. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அந்தக் கரையைத் தாக்கியபோது, ஒரே வட்டாரத்தில் எல்லா வாசல்களையும் வைத்திருப்பதன் ஆபத்து வெளிப்பட்டது. மரேயாவைத் தெற்கே வர்ஜீனியாவுக்குக் கொண்டுசென்றதற்கு இது ஒரு காரணம்; வடக்கு வர்ஜீனியாவில் தரவு மையங்கள் குவிந்திருப்பது மற்றொரு காரணம். மறுகரையிலும் பிரிட்டனைத் தவிர்த்து பில்பாவோவைத் தேர்ந்ததால், அங்கிருந்து தரைவழியாகத் தெற்கு ஐரோப்பாவுக்கும், அதற்கப்பால் ஆப்பிரிக்காவுக்கும் மேற்காசியாவுக்கும் செல்லும் கேபிள்களோடு சேர முடிந்தது. மாற்றுவழி என்று காகிதத்தில் காட்டப்படுவது உண்மையிலேயே மாற்றுவழிதானா என்பதை இந்தக் கட்டத்திலேயே கடுமையாகக் கேட்க வேண்டும். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரு கேபிள்களும் ஒரே நாளில் துண்டிக்கப்பட்டபோது, இந்தியா உட்படப் பல நாடுகளில் இணையம் தள்ளாடியது. இரண்டு நிறுவனங்களின் இரண்டு கேபிள்கள் ஒரே கடற்பகுதி வழியாகச் சென்றால் அவற்றை இரு பாதைகள் என்று எண்ணுவது பிழை.

கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும்போது, மென்மையான சரிவும் போதிய கனமுள்ள மணலும் இருக்க வேண்டும். ஆற்று முகத்துவாரம், துறைமுகக் கால்வாய், கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் பகுதி, பவளப் பாறை, அரிப்புக்கு உள்ளாகும் கரை ஆகியவை விலக்கப்பட வேண்டும். கரையிலிருந்து கேபிள் நிலையத்துக்கும், அங்கிருந்து ஊரின் தரவு மையங்களுக்கும் குறைந்தது இரண்டு வெவ்வேறு தரைவழிகள் வேண்டும். கடலில் எவ்வளவு கவனமாகப் பாதை வகுத்தாலும், சாலையோரத்தில் பள்ளம் தோண்டும் இயந்திரம் ஒன்று கடைசி ஐந்து கிலோமீட்டரில் அத்தனையையும் வீணாக்கிவிடக்கூடும்.

மேசை ஆய்வு

கப்பல் எதையும் வாடகைக்கு எடுப்பதற்கு முன்னால், கிடைக்கும் ஆவணங்களை மட்டும் கொண்டு பாதையை வரைவதே மேசை ஆய்வு. கடல் வரைபடங்கள், கப்பல்கள் தானியங்கிக் கருவி மூலம் அறிவிக்கும் நிலைப் பதிவுகள், மீன்பிடி முறைகளும் பருவங்களும், நிலநடுக்க வரலாறு, கடலடிப் பள்ளத்தாக்குகள், எண்ணெய் வயல்கள், காற்றாலைப் பகுதிகள், கடற்படைப் பயிற்சிக் களங்கள், பழைய வெடிபொருள்கள் கொட்டப்பட்ட இடங்கள், மூழ்கிய கப்பல்கள், ஏற்கெனவே கிடக்கும் கேபிள்கள், குழாய்கள் என எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். இது முழுத் திட்டச் செலவில் மிகச் சிறு பங்கு. ஆனால் இங்கே சுருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் பின்னால் கப்பல் நாள்களாக விலை கொடுக்க நேரும்.

நிலச்சரிவுகளைப் பற்றி அட்லாண்டிக் ஒரு தெளிவான பாடத்தைத் தந்திருக்கிறது. 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்ஸ் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கம், கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்தரை) விளிம்பிலிருந்து பெரும் வண்டலைச் சரித்துவிட்டது. அந்தச் சேற்று வெள்ளம் சரிவில் இறங்கிச் சென்ற வழியில் 12 தந்திக் கேபிள்களை அறுத்தது. சரிவில் கீழே இருந்தவை பல மணி நேரம் வரை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அவை அறுந்த நேரங்களைக் கொண்டே பின்னாளில் அறிவியலாளர்கள் அந்த ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். 2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தெற்கே ஹெங்சுன் அருகில் இதுவே மீண்டும் நிகழ்ந்து ஒன்பது கேபிள்கள் அறுந்தன. அவற்றைச் சீர்செய்ய 11 கப்பல்கள் 49 நாள்கள் உழைத்தன. ஆகவே கடலடிப் பள்ளத்தாக்கின் வாயையும் அதன் வண்டல் பரவும் விசிறியையும் கண்டால், நீளம் நூறு கிலோமீட்டர் கூடினாலும் சுற்றிச் செல்வதே சரி. கடக்காமல் முடியாது என்றால், சரிவு தணிந்து ஓட்டம் வலுவிழக்கும் ஆழமான பகுதியில் கடக்க வேண்டும்.

பிற கேபிள்களைக் கடக்கும்போது, கூடியவரை செங்கோணத்துக்கு நெருக்கமாகக் கடப்பதும், கடக்கும் புள்ளியை இரு கேபிள்களின் ரிப்பீட்டர்களிலிருந்தும் (வழியில் மங்கும் ஒளியைப் பெருக்கும் கருவிகள்) தள்ளி வைப்பதும் மரபு. இணையாகச் செல்ல நேர்ந்தால், நீரின் ஆழத்தைப் போல் மூன்று மடங்கு இடைவெளி விட வேண்டும் என்பது துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. ஒரு கேபிளைப் பழுதுபார்க்கக் கப்பலிலிருந்து இறக்கும் கொக்கியான கொளுவியைக்கொண்டு துழாவும்போது பக்கத்துக் கேபிள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதே இதன் காரணம். ஒவ்வொரு கடப்புக்கும் அந்தக் கேபிளின் உரிமையாளரோடு எழுத்து வடிவ ஒப்பந்தம் தேவை.

ஆவணங்களோடு நின்றுவிடாமல், இரு கரைகளுக்கும் நேரில் சென்று மீனவர்களோடு பேச வேண்டும். எந்த மாதத்தில் எந்த ஆழத்தில் இழுவைமடி (கடற்தரையை ஒட்டி இழுக்கும் வலை) ஓடுகிறது, எந்த இடத்தில் வலை சிக்கிக் கிழிகிறது என்பதை அவர்கள் எந்த வரைபடத்தையும்விடத் துல்லியமாகச் சொல்வார்கள். இதைச் சடங்காகக் கருதும் திட்டக் குழுக்கள் உண்டு. என் கருத்தில், முழு ஆய்விலும் மிக மலிவாகக் கிடைக்கும் மிக மதிப்புள்ள தகவல் இதுதான்.

கடலாய்வும் அனுமதியும்

மேசை ஆய்வில் வரைந்த பாதையை ஆய்வுக் கப்பல் சென்று சரிபார்க்கிறது. ஆழ்கடலில் ஒலியலைகளை அனுப்பி ஆழம் அளக்கும் பல்கற்றை எதிரொலிமானி கடற்தரையின் உருவத்தைத் தந்தால் போதும். கேபிளைப் புதைக்கப்போகும் ஆழம் குறைந்த பகுதியில் இன்னும் நுணுக்கம் வேண்டும்: சைடு ஸ்கேன் சோனார் தரைமீது கிடப்பவற்றைக் காட்டும்; மேலடுக்கு ஒலியாய்வுக் கருவி மண்ணுக்கடியில் பாறை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று சொல்லும்; கூம்புமுனைக் கம்பியை மண்ணில் அழுத்திப் பார்க்கும் சோதனையும் மண் மாதிரிகளும் கேபிளைப் புதைக்கும் கலப்பை அங்கே எவ்வளவு ஆழம் இறங்கும் என்று தெரிவிக்கும். ஆய்வின் முடிவில் பாதையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், கேபிள் வகை, புதைக்கும் ஆழம், தளர்வு (தரையின் மேடுபள்ளத்துக்காகக் கூடுதலாக விடும் கேபிள் நீளம்) ஆகியவற்றைக் கொண்ட நிலைப்பட்டியல் உருவாகும். தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் இனி அதுவே ஆணை.

அனுமதிகளை இதற்குப் பிறகு தொடங்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் தாமதத்தின் பெருங்காரணம் கடலில் இருப்பதில்லை, அலுவலகங்களில்தான் இருக்கிறது. ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை நடுக்கடலிலும் கண்டத்திட்டிலும் கேபிள் இடும் உரிமையை எல்லா நாடுகளுக்கும் தருகிறது; ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல்களுக்குள் கடலோர நாட்டின் இறையாண்மையே செல்லும். அமெரிக்கக் கரையில் ஏற, 1921ஆம் ஆண்டின் கேபிள் கரையேற்ற உரிமச் சட்டத்தின்படி கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதனோடு தேசப் பாதுகாப்பு ஆய்வும், மாநில, உள்ளாட்சி அனுமதிகளும் சேரும். ஆமை முட்டையிடும் பருவம், மீன்பிடித் தடைக்காலம், சுற்றுலாப் பருவம் ஆகியவை கடற்கரைப் பணிக்கு ஆண்டில் சில மாதங்களை மட்டுமே விட்டுவைக்கலாம். கால அட்டவணையை அந்த மாதங்களிலிருந்து பின்னோக்கி எழுதுவதே நடைமுறைக்கு உகந்தது.

கேபிளும் மின்னும்

கேபிளின் நடுவே மயிரிழை போன்ற கண்ணாடி இழைகள் ஓர் எஃகுக் குழாய்க்குள் இருக்கின்றன. அதைச் சுற்றி வலுவூட்டும் எஃகுக் கம்பிகள், அவற்றின்மேல் மின்னைக் கடத்தும் செம்பு உறை, அதற்கும் மேல் பாலிஎத்திலீன் காப்புறை. ஆழ்கடலுக்கு இதுவே போதும். இதன் விட்டம் ஏறத்தாழ 17 முதல் 21 மில்லிமீட்டர்தான். கரையை நெருங்க நெருங்க எஃகுக் கம்பிக் கவசம் ஓரடுக்காக, பின் ஈரடுக்காகச் சேர்ந்து விட்டம் 50 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. கவசம் கூடினால் பாதுகாப்பும் கூடும், ஆனால் எடையும் கூடும். ஆழ்கடலில் கனத்த கேபிளைத் தொங்கவிட்டால் அதன் சொந்த எடையே அதற்குச் சுமையாகிவிடும்.

இழையில் ஒளி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.155 டெசிபெல் என்ற அளவில் தேய்கிறது. 70 கிலோமீட்டர் சென்றபின் ஏறத்தாழ 11 டெசிபெல் இழப்பு, அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளியே மிஞ்சும். எர்பியம் என்ற தனிமம் கலந்த இழையைக் கொண்ட ரிப்பீட்டர் அந்த இழப்பை ஈடுசெய்து ஒளியை அடுத்த பகுதிக்கு அனுப்புகிறது. 6,600 கிலோமீட்டரில் 70 கிலோமீட்டருக்கு ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ 94 ரிப்பீட்டர்கள் தேவை. அவை அனைத்துக்குமான மின்சாரம் கரையிலிருந்து, ஒரே செம்பு உறை வழியாக, ஏறத்தாழ ஓர் ஆம்பியர் மாறா நேர்மின்னோட்டமாகச் செல்கிறது. திரும்பும் வழி கடலும் பூமியும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கேபிளின் மின்தடை கிலோமீட்டருக்கு 1 ஓம் என்று கொண்டால் 6,600 வோல்ட். ஒவ்வொரு ரிப்பீட்டரும் 50 வோல்ட் எடுத்துக்கொண்டால் 4,700 வோல்ட். ஆக 11,300 வோல்ட். இயல்பான நாளில் ஒரு கரை நேர்மறையாகவும் மறுகரை எதிர்மறையாகவும் இதைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் ஒரு கரையின் மின்கருவி நின்றுபோனால் மற்றது தனியாகவே முழுச் சுமையையும் ஏற்க வேண்டும். எனவே கருவியும் காப்புறையும் முழு 11,300 வோல்டுக்கும், அதற்குமேல் எதிர்காலப் பழுதுகளுக்கும் காந்தப் புயல்களுக்குமான இருப்புக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இழைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ரிப்பீட்டர்களின் மின்தேவையும் கூடும் என்பதால், கேபிளின் கொள்ளளவுக்கு உண்மையான வரம்பு பெரும்பாலும் மின்சாரமே.

காப்புறைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதை 1858ஆம் ஆண்டின் முதல் அட்லாண்டிக் தந்திக் கேபிள் சொல்லும். அயர்லாந்தின் வாலன்ஷியா தீவுக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே இடப்பட்ட அது, சைகை பலவீனமாக வந்ததால், அத்திட்டத்தின் மின்பொறுப்பாளர் வைல்ட்மேன் ஒயிட்ஹவுஸ் உயர் மின்னழுத்தம் செலுத்த, ஏற்கெனவே குறைபாடுடைய காப்புறை முற்றிலும் கெட்டு, சில வாரங்களிலேயே ஊமையானது. நிலைத்த இணைப்பு 1866இல்தான் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலால் கிடைத்தது.

ஏற்றுதலும் இடுதலும்

தொழிற்சாலையில் கேபிள் பகுதிகளும் ரிப்பீட்டர்களும் நிலைப்பட்டியல் சொல்லும் வரிசையிலேயே இணைக்கப்பட்டு, முழுத் தொகுதியாகச் சோதிக்கப்பட்டு, கப்பலின் வட்டத் தொட்டிகளில் கையால் வழிகாட்டிச் சுருட்டப்படுகின்றன. ஏற்றுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் இடவேண்டியது அடியிலும் முதலில் இடவேண்டியது மேலேயும் இருக்க வேண்டும் என்பதால், இந்தக் கட்டத்துக்குப் பின் பாதையை மாற்றுவது ஏறத்தாழ இயலாது.

கேபிள் கப்பல் வருவதற்கு முன், புதைக்கும் பாதை நெடுகக் கொளுவிகளை இழுத்துச் சென்று, கைவிடப்பட்ட வலை, கம்பிவடம், பயன்பாட்டில் இல்லாத பழைய கேபிள் ஆகியவற்றை அகற்ற வேண்டும். கடற்கரையில் மணலுக்கடியில் ஒரு மேன்ஹோல் கட்டி, அங்கிருந்து கடலுக்குள் சில நூறு மீட்டர் தொலைவுக்குக் கிடைமட்டமாகத் துளையிட்டுக் குழாய் செருகிவிட்டால், மணல்மேட்டையும் அலையடிக்கும் பகுதியையும் கிளறாமல் கேபிளை ஏற்றலாம். கப்பல் கரைக்கு வர முடியாத தொலைவில் நின்று, மிதவைகள் கட்டிய கேபிளைக் கரைக்கு அனுப்பும். முனை மேன்ஹோலில் உறுதியாகப் பிணைக்கப்பட்ட பின்னர், முக்குளிப்பவர்கள் மிதவைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கேபிளைக் குறித்த கோட்டில் அமர்த்துவார்கள். பாறைப் பகுதியில் இரும்புக் குழாய் உறைகள் பூட்டப்படும்.

பிறகு கலப்பை. கப்பல் பின்னால் இழுத்துச் செல்லும் இந்தப் பெரிய கருவி மண்ணைப் பிளந்து, கேபிளைப் பிளவுக்குள் ஒரு மீட்டர் முதல் இரண்டு மீட்டர் ஆழத்தில் இறக்கி நகர்கிறது. மனிதர் நடக்கும் வேகத்தைவிட மெதுவாகவே செல்லும் என்பதால், ஒரு நாளில் இருபது கிலோமீட்டர்கூட முடியாத நாள்கள் உண்டு. அட்டவணை நெருக்கும்போது இங்கேதான் ‘ஆழம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை’ என்ற பேச்சு எழும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஏறத்தாழ 1,000 மீட்டர், சில இடங்களில் 1,500 மீட்டர் நீராழம் வரை இப்படிப் புதைத்துச் செல்ல வேண்டும். இழுவைமடிகள் அவ்வளவு ஆழம் வரை போய்விட்டன. பிற கேபிள்களைக் கடக்கும் இடங்களில் கலப்பையைத் தூக்கிவிட்டு, பின்னர் தொலையியக்கி நீர்மூழ்கிக் கருவியால் நீரைப் பாய்ச்சி மண்ணை நெகிழ்த்திப் புதைக்கலாம்.

கலப்பையை மீட்டபின் கப்பல் மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் வேகமெடுக்கும். ஒரு நாளில் 200 கிலோமீட்டர் போகும். இங்கே கவனம் தளர்வின்மேல் இருக்க வேண்டும். கேபிள் நீரில் சாய்ந்த கோடாக மிக மெல்ல இறங்குவதால், ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் அது தரையைத் தொடும் இடம் கப்பலுக்குப் பின்னால் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். ஆகவே இப்போது கப்பலின் அடியில் இருக்கும் மலைக்கு அல்ல, சில மணி நேரம் முன்பு கடந்த மலைக்குத்தான் கேபிள் அளிக்கப்பட வேண்டும். அதற்கான மென்பொருள் நீரோட்டத்தையும் தரையின் வடிவையும் வைத்துக் கணக்கிடுகிறது. பொதுவாக இரண்டு, மூன்று சதவீதம் கூடுதல் நீளம் கொடுப்பார்கள். தளர்வு குறைந்தால் கேபிள் இரு மேடுகளுக்கு இடையே அந்தரத்தில் தொங்கி, உராய்ந்து தேயும். மிகுந்தால் சுருள் விழுந்து முறுக்கேறும்.

பணி முழுவதும் கரை நிலையம் இழைகளைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். கடலில் இரு முனைகளை இணைக்கும் ஒவ்வொரு பிணைப்புக்கும் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். வார்த்த காப்புறையை எக்ஸ்-கதிரால் படமெடுத்துக் குமிழியோ துகளோ இல்லை என்று உறுதிசெய்த பின்பே அது கடலில் இறங்கலாம். பிணைப்பைத் தொடங்குவதற்கு முன்பே இரு கரைகளிலும் மின்சாரம் நிறுத்தப்பட்டு, கேபிள் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பொறுப்பாளர் எழுத்தில் உறுதி தர வேண்டும். இயல்பாகப் பத்தாயிரம் வோல்ட் செல்லும் கம்பியைக் கையில் பிடித்திருக்கும் பிணைப்பாளரின் உயிர் அந்த ஒரு தாளை நம்பியிருக்கிறது.

பழுதுக்கான ஏற்பாடு

பராமரிப்பு ஒப்பந்தமும் உதிரிக் கேபிளும் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். பழுது நேர்ந்தால், ஒளித்துடிப்பு திரும்பிவரும் நேரத்தையும் மின்னழுத்த மாற்றத்தையும் கொண்டு கரையிலிருந்தே இடத்தைக் கணிக்கலாம். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டியால் துழாவி எடுப்பதைப் போலவே, கப்பல் கொளுவியை இறக்கி, கேபிளைப் பிடித்து மேலே கொண்டுவருகிறது. ஐயாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து இரு முனைகளையும் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து இணைக்க, பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புதிய கேபிள் இடையில் சேரும். ஒளியிழப்பு ஏறத்தாழ ஒன்றரை டெசிபெல் கூடும். இத்தகைய பழுதுகள் எத்தனையைக் கேபிளின் வாழ்நாளில் தாங்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்து, ஒளியிலும் மின்னிலும் அதற்கான இருப்பை ஒதுக்க வேண்டும்.

இட்டு முடித்ததும், திட்டமிட்ட பாதையை அல்ல, உண்மையில் கேபிள் கிடக்கும் பாதையையும் ஒவ்வொரு பகுதியிலும் அது புதைந்துள்ள ஆழத்தையும் கடல் வரைபட அலுவலகங்களுக்கும் மீனவர் அமைப்புகளுக்கும், படகுகளின் திரைக் கருவிகளில் ஏற்றக்கூடிய வடிவில் கொடுக்க வேண்டும். கேபிளைக் காப்பதற்காகத் தன் நங்கூரத்தையோ வலையையோ இழந்த கப்பலுக்கு, அது முன்னரே உரிய எச்சரிக்கையோடு நடந்திருந்தால், கேபிள் உரிமையாளர் ஈடு தர வேண்டும் என்று 1884ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையும், இன்றைய கடற்சட்ட உடன்படிக்கையின் 115ஆவது பிரிவும் கூறுகின்றன. இந்த உரிமை மீனவர்களின் மொழியில் அச்சிடப்பட்டு, இரவும் பகலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணோடு துறைமுகங்களில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மாட்டிக்கொண்ட மடியை இயந்திர விசையால் இழுக்காமல் வெட்டிவிட்டு அழைக்கும் ஒவ்வொரு படகும் ஒரு துண்டிப்பைத் தவிர்க்கிறது. ஆகவே ஈட்டுத் தொகைக்கான கோரிக்கை வந்தால், ஆய்வு என்ற பெயரில் மாதக்கணக்கில் இழுக்காமல், அந்தப் படகு அடுத்த முறை கடலுக்குப் போவதற்கு முன் கொடுத்துவிட வேண்டும்.